ஊர் காத்த நீரும் சேரிக்கு மறுத்த மீனும்

(நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)

யாருடைய நினைவாக இந்த உரை நடக்கிறதோ அவர், எந்த மேடையில் 'மக்கள்' என்று ஒருவர் பேசினாலும் 'எந்த மக்கள்?' என்று எழுந்து கேட்கும் வழக்கம் உடையவர். அந்தக் கேள்வியையே இன்று நாம் ஏரிக்கரைக்கும் காயல்கரைக்கும் எடுத்துச் செல்கிறோம்.

காட்டுயிரையும் மீன்வளத்தையும் வேலியும் துப்பாக்கியும் வைத்து அரசு மட்டும் காத்துவிட முடியாது, அங்கே வாழும் சமூகத்தின் கையில் அந்தப் பொறுப்பும் உரிமையும் இருக்க வேண்டும் என்று இப்போது உலகெங்கும் பேசுகிறார்கள். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு சிறு மீன்பிடிப்புக்கென்று 2014இல் ஏற்ற வழிகாட்டு நெறிகளும் அதையே சொல்கின்றன. நமக்கு இதில் மாறுபாடு இல்லை. புலியின் பெயரால், பறவையின் பெயரால் பழங்குடிகளைக் குடிபெயர்த்த வரலாற்றைப் பார்த்தவர்கள் நாம். சமூகத்திடம் உரிமை திரும்ப வேண்டும் என்ற குரல் நம்முடைய குரலும்தான். ஆனால் இந்த நாட்டில் 'சமூகம்' என்ற சொல்லுக்கு ஒரு எல்லைக்கோடு உண்டு. அந்தக் கோடு ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஓடுகிறது. அதைப் பார்க்காமல் உரிமையைக் கையளித்தால், அது யார் கைக்குப் போய்ச் சேரும் என்பதை வரலாற்றிலிருந்தே சொல்ல முடியும்.

1. வேடந்தாங்கல்: எந்த ஊர் எழுதி வாங்கியது?

சமூகமே முன்னின்று காட்டுயிரைக் காத்ததற்குத் தமிழ்நாட்டில் எல்லோரும் காட்டும் முதல் சான்று வேடந்தாங்கல். ஏறத்தாழ 30 ஹெக்டேர் ஏரி. நீர்க்கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் அரிவாள்மூக்கனும் கூடு கட்டும். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்குப் போனால் தனியாக உரம் போட வேண்டாம் என்பதை ஊரார் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் வந்து பறவைகளைச் சுடத் தொடங்கியபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ், இந்த ஏரியில் யாரும் சுடக்கூடாது என்று எழுதிக்கொடுத்தார். அந்த உரிமை 1858இல் புதுப்பிக்கப்பட்டது. 1972இன் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே நடந்தது இது. பெருமைப்பட வேண்டிய செய்தி என்பதில் ஐயமில்லை.

அந்தக் காலத்துச் செங்கல்பட்டில் 'ஊர்' என்றால் யார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அது மிராசு நாடு. நிலத்திலும் புறம்போக்கிலும் ஏரியிலும் குளத்திலும் மிராசுதாரருக்கே பங்கு. அந்த நிலத்தை உழுது, நாற்று நட்டு, அறுத்துக் கொடுத்த பறையர் மக்கள் படியாள்களாகவும் பண்ணையாள்களாகவும் இருந்தார்கள். குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. அதே செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் இந்த நிலைமையை விரிவாக எழுதினார். தரிசாகக் கிடக்கும் நிலத்தை ஒரு பறையர் கேட்டாலும் மிராசுதாரர் முன்னுரிமை காட்டித் தடுத்துவிடும் நடைமுறையை அதில் வெளிக்கொண்டுவந்தார். 1892இல் பஞ்சமி நில ஆணை அந்த அறிக்கையின் வழியாகத்தான் வந்தது.

பறவை ஆணைக்கும் பஞ்சமி ஆணைக்கும் இடையில் 94 ஆண்டுகள். ஒரே சீமையில், பறவை கூட்டில் இருக்கும் உரிமை எழுத்தில் ஏறிய பிறகு, சேரி மனிதர் ஒரு துண்டு நிலம் கேட்கும் உரிமை எழுத்தில் ஏற அவ்வளவு காலம் ஆயிற்று. பறவையை ஏன் காத்தீர்கள் என்று நாம் கேட்கவில்லை. ஏரியைக் காத்த வரலாற்றை எழுதும்போது அந்த நீரில் விளைந்த நெல்லை அறுத்த கைகளையும் சேர்த்து எழுதுங்கள் என்கிறோம். வேடந்தாங்கல் என்ற பெயர் வேடர்களை நினைவில் வைத்திருக்கிறது. தாங்கல் என்றால் சிறு ஏரி. பெயரில் இடம்பெற்ற வேடர்களுக்கு அந்த ஏரியின் வரலாற்றில் ஒரு வரி கூடக் கிடைக்கவில்லை.

2. மடை திறந்தவர்கள்

ஏரிப் பாசனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குடிமராமத்தைப் பெருமையாகச் சொல்வார்கள். ஊரே கூடி வரத்துக்கால் வெட்டி, கரை உயர்த்தி, தூர் வாரிய முறை. அதில் கூடையும் மண்வெட்டியும் பிடித்தவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். அதைவிட நுட்பமான ஒரு வேலையும் இருந்தது. மடையைத் திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்று முறைவைத்துப் பாய்ச்சுவது, வெள்ளக் காலத்தில் இரவில் கரையைச் சுற்றிவந்து உடைப்பு ஏற்படாமல் காப்பது. இதைச் செய்தவர்களை நீர்க்கட்டி, கம்புகட்டி, நீர்ப்பாய்ச்சி, மடையர் என்று வட்டாரத்துக்கு ஒரு பெயரில் அழைத்தார்கள். பல வட்டாரங்களில் இவர்கள் தலித்துகள். ஏரி நிறைந்திருக்கும்போது மூச்சடக்கி முங்கித் தூம்பைத் திறப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலை.

இவர்களுக்குக் கூலி களத்தில் அளந்த நெல். அப்படி அளக்கும் பங்குக்கு அன்றைய கணக்கேடுகளில் 'சுதந்திரம்' என்று பெயர். ஊருக்கெல்லாம் நீர் பங்கிட்டவருக்கு ஊர்க் கூட்டத்தில் அமர இடமில்லை. அவர் திறந்துவிட்ட நீரில் அவருக்கென்று ஒரு செய் நிலமும் பெரும்பாலும் இல்லை. 'மடையன்' என்ற சொல் இன்று எப்படிப் புழங்குகிறது என்பதை நாம் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை.

நீருக்கான நம் போராட்டத்தின் ஆண்டுகளை நினைவுபடுத்திக்கொள்வோம். 1924இல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக்குளம் எதிலும் ஒடுக்கப்பட்ட மக்களைத் தடுக்கக் கூடாது என்றது. அரசும் ஆணை வெளியிட்டது. 1927 மார்ச் 20 அன்று மகாடில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கி நீர் பருகினார். ஆடு மாடு குடிக்கலாம், பறவை குடிக்கலாம், நாம் குடித்தபோது மட்டும் சாணமும் கோமியமும் குடம் குடமாக ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். வழக்கு நடந்து, குளத்தில் நமக்கும் உரிமை உண்டு என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்ல 1937 ஆயிற்று.

குடிக்கும் நீருக்கே இத்தனை ஆண்டு. அந்த நீரில் இருக்கும் மீனுக்கு? தென் மாவட்டங்களில் கண்மாய் மீனை 'மீன்பாசி' என்பார்கள். ஆண்டுதோறும் ஏலம் போகும். மீன்பாசிப் பணத்தில் கோயில் திருவிழா நடக்கும், ஊர்ப் பொதுச்செலவு நடக்கும். கோடையில் நீர் வற்றும்போது கரையில் பெரியவர்கள் நின்று வெள்ளைத் துணி வீச, ஊத்தாவும் கச்சாவும் பிடித்துச் சனம் இறங்கும் மீன்பிடித் திருவிழா பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அந்த நாள் வரும்வரை கண்மாயில் யாரும் தூண்டில் போடக்கூடாது என்ற கட்டுப்பாடு, மீன் பெருக இடம் கொடுக்கும் நல்ல முறை. அறிவியலார் இதைத்தான் 'மூடிய பருவம்' என்கிறார்கள். துணி வீசும் கை யாருடையது, ஏலத்தில் கேட்கத் துணிவது யார், ஏலப் பணத்தில் கட்டிய கோயிலுக்குள் போகக்கூடியவர் யார் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டால்தான் இந்த முறையின் முழு உருவம் தெரியும்.

1996 உள்ளாட்சித் தேர்தலில் மேலூர்ப் பக்கம் மேலவளவு ஊராட்சி தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்டது. தலைவரான முருகேசனும் அவருடன் இருந்த ஐந்து தோழர்களும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒரு நாற்காலிக்காக மட்டும் அந்தக் கொலை நடக்கவில்லை. ஊராட்சித் தலைவர் பொறுப்பு சேரிக்கு வந்தால் கண்மாய் மீன்பாசியும் புறம்போக்கு மரமும் யார் கணக்கில் வரும் என்ற கவலையும் அந்த வெறிக்கு அடியில் இருந்தது. மேலவளவை நாம் அரசியல் உரிமையின் நினைவிடமாகக் கொண்டாடுகிறோம். அது பொதுவள உரிமையின் நினைவிடமும்கூட.

3. எல்லை என்ற முதல் விதி

பொதுவளம் பற்றிய சமூக அறிவியல் விவாதத்தையும் இங்கே சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1968இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க அறிஞர், எல்லோருக்கும் பொதுவான மேய்ச்சல் நிலம் அழிந்தே தீரும், ஒவ்வொருவரும் தன் மாட்டைக் கூடுதலாக மேய்ப்பார்கள் என்று எழுதினார். பொதுவளங்களை அரசுடைமை ஆக்கவும் தனியார்மயம் ஆக்கவும் இந்த வாதம் கைகொடுத்தது. எலினோர் ஆஸ்ட்ரம் இதை மறுத்தார். மக்கள் தாமே விதி வகுத்து மீனையும் காட்டையும் பாசன நீரையும் நூற்றாண்டுக் கணக்கில் காத்து வந்திருப்பதை 1990இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டினார். 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலகெங்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டங்கள் இன்று அவர் தோளில்தான் நிற்கின்றன.

நீடித்து நிற்கும் பொதுவள அமைப்புகளுக்குப் பொதுவான விதிகள் என்று ஆஸ்ட்ரம் ஒரு பட்டியல் தந்தார். அதில் முதல் விதி, எல்லை தெளிவாக இருக்க வேண்டும் என்பது. வளத்தின் எல்லையும், அதைப் பயன்படுத்த உரிமை உள்ளவர் யார் என்ற எல்லையும் தெளிவாக வேண்டும். சுவிட்சர்லாந்து மலைக் கிராமத்திலும் ஜப்பானியக் காட்டிலும் அந்த எல்லை குடியிருப்பாலும் பரம்பரை உரிமையாலும் அமைந்தது. நம் நாட்டில் அந்த எல்லையைப் புதிதாக வகுக்க யாரும் கூடி உட்கார வேண்டிய தேவை இருக்கவில்லை. சாதி ஏற்கெனவே போட்டு வைத்திருந்தது. கட்டுப்பாடு நன்றாக நடக்கிறது என்று ஆய்வாளர் குறிக்கும் இடத்தில், அந்தக் கட்டுப்பாட்டைத் தாங்கும் தூண் சாதியாக இருக்கக்கூடும்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர், கிராமக் குடியரசு என்ற புகழ்ச்சியை ஏற்க மறுத்து, அரசியலமைப்பின் அலகாகத் தனிமனிதரையே வைத்ததற்கு மகிழ்ச்சி தெரிவித்தார். அதற்காக இன்றுவரை அவர்மேல் வருத்தப்படும் சூழலியலாளர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: கிராமத்தின் அறிவை அவர் பழிக்கவில்லை. கிராமத்தின் உறுப்பினர் பட்டியலைப் பார்த்தவர் அவர்.

4. பழவேற்காடு: தலைக்கட்டுக் கணக்கு

இந்தப் பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பழவேற்காட்டு ஏரியைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் தமிழ்நாட்டில் வேறில்லை.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் பெரிய உவர்நீர்க் காயல் இது. பெரும்பகுதி ஆந்திரத்திலும் சிறுபகுதி தமிழ்நாட்டிலும் கிடக்கிறது. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் வந்து சேர்கின்றன. ஆறு தரும் நன்னீரும் முகத்துவாரம் வழியே ஏறும் கடல்நீரும் கலக்கும் இந்த ஆழமில்லாத நீரில்தான் இறாலும் மடவையும் நண்டும் வளர்கின்றன, பூநாரைகளும் வந்து இறங்குகின்றன. தமிழ்நாட்டுப் பகுதி 1980இல் பறவைகள் காப்பிடம் ஆயிற்று. கடலுக்கும் காயலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவை 1969இல் ஏவுதளத்துக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கிருந்து வெளியேற்றப்பட்ட யானாதிப் பழங்குடிகளின் கதை ராக்கெட் பறக்கும்போது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

பழவேற்காட்டில் மீன்பிடிப்பை ஒழுங்கு செய்வது 'பாடு' என்னும் முறை. கழி நட்டு வலை கட்டி இறால் பிடிக்கும் நல்ல இடங்களை மீனவர் கிராமங்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். சீட்டுப் போட்டு, முறைவைத்து, இன்றைக்கு இந்தக் குழு, நாளைக்கு அடுத்த குழு என்று மாறிமாறி இறங்குவார்கள். வலுத்தவர் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது. எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டிக் காயலை அள்ளிவிடவும் முடியாது. தகராறு வந்தால் கிராமப் பஞ்சாயத்தில் தீர்ப்பு. பாட்டுக் கிராமங்களின் தலைக்கட்டுப் பட்டியலில் இருப்பவருக்குத்தான் பங்கு. அதாவது ஊருக்கு வரி கொடுக்கும், மணமான ஆண். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலிய பட்டினவர் கிராமங்கள் இதை நெடுங்காலமாக நடத்தி வருகின்றன. அரசு உதவி இல்லாமல் மக்களே நடத்தும் மீன்வள மேலாண்மை என்று ஆய்வாளர்கள் இதை வியந்து எழுதினார்கள். வியப்பதற்கு உரியதுதான்.

ஆனால் காயலைச் சுற்றி பட்டினவர் மட்டும் வாழவில்லை. தலித் கிராமங்கள் இருக்கின்றன. இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. வயல்வேலை சுருங்கியதும், இறாலுக்கு ஏற்றுமதி விலை வந்ததும் முன்பைவிடப் பலர் வாழ்வுக்காகக் காயலில் இறங்கினார்கள். பாட்டுக்குள் அவர்களுக்கு இடமில்லை. காரணம் கேட்டால், 'இது எங்கள் குலத்தொழில், நீங்கள் விவசாயக் கூலிகள்' என்பது பதில். சாதிக்கொரு தொழில் என்ற பழைய விதி இங்கே இயற்கைவளப் பாதுகாப்பின் மொழியில் பேசுகிறது. நல்ல ஆழமும் நீரோட்டமும் உள்ள இடங்கள் பாட்டுக்கு உரியவை. பாட்டுக்கு வெளியே ஓரங்களிலும் சேற்றிலும் கிடைப்பதைத்தான் மற்றவர்கள் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்கும்போது 'இவர்கள் கட்டுப்பாடில்லாமல் பிடிக்கிறார்கள், சின்ன இறாலை அழிக்கிறார்கள்' என்ற பழியும் வரும். விதி வகுக்கும் இடத்தில் உட்கார வைக்காமல், விதியை மீறினாய் என்று குற்றம் சாட்டும் முறை நமக்குப் பழக்கமானதுதான்.

பட்டினவர் மக்கள் நமக்கு எதிரிகள் அல்லர். அவர்களும் நில உடைமையில்லாத, மேல்சாதியார் இழிவாகப் பேசிய உழைக்கும் மக்கள். முகத்துவாரம் மண்ணடைத்தால் முதலில் பட்டினி கிடப்பவர்கள். அனல்மின் நிலையத்தின் வெந்நீரையும் சாம்பலையும் எதிர்த்து, காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்துக் களத்தில் நிற்பவர்கள். அவர்களுடன் சேர்ந்து நிற்க வேண்டும் என்பதற்காகவே இதைப் பேசுகிறோம். ஏரியைச் சுற்றி வாழும் மக்களில் ஒரு பகுதியைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடத்தும் எந்தப் போராட்டத்தையும் துறைமுகமும் தொழிற்சாலையும் எளிதில் பிளந்துவிடும். வெளியே நிற்பவரிடம் போய் 'உனக்கு அங்கே மீனும் இல்லை, பேச்சும் இல்லை, நாங்கள் வேலை தருகிறோம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

5. பல்லில் கடித்த பறி

பாட்டுக்கு வெளியே இருப்பவர்களில் இருளர் பெண்களின் தொழிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இவர்களுக்குப் படகும் வலையும் இல்லை. பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு, மார்பளவு நீரில் குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவி இறாலைப் பிடித்துப் பறியில் போடுவார்கள். மணிக்கணக்கில் உவர்நீரில் நிற்பார்கள். சிப்பி கிழித்த விரலில் உப்பேறும். இந்த முறையில் வேண்டாத மீன் சாகாது, அடித்தரை கலையாது, குஞ்சு இறால் கையில் தட்டினால் விட்டுவிடலாம். வளத்துக்குக் கேடு இல்லாத மீன்பிடி என்று நூல்கள் எதையெல்லாம் வேண்டுகின்றனவோ அதெல்லாம் இந்தக் கைகளில் இருக்கிறது. ஆனால் மீனவர் பட்டியலில் இவர்கள் பெயரை ஏற்ற நெடிய போராட்டம் தேவைப்படுகிறது. படகு வைத்திருப்பவரே மீனவர் என்று அரசு நினைக்கிறது. தலைக்கட்டு ஆண்தான் மீனவர் என்று ஊர் நினைக்கிறது. பெண்ணாகவும் பழங்குடியாகவும் படகில்லாதவராகவும் இருப்பவரை இரண்டு பட்டியலும் விட்டுவிடுகின்றன.

முன்பணம் வாங்கிய இருளர் குடும்பங்களை அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் இறால் வியாபாரிகளிடத்திலும் கொத்தடிமையாக வைத்திருந்த வரலாறு வடமாவட்டங்களில் எல்லோரும் அறிந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்த பிறகும் மீட்பு நடவடிக்கைகள் தொடர்ந்து தேவைப்பட்டன. காயலில் உரிமை இல்லாத கைதான் முன்பணத்துக்கு நீள்கிறது.

6. ஒரு தீர்ப்பு, அதைக் கேட்டவர்கள்

தொண்ணூறுகளில் காயலுக்கும் கடற்கரைக்கும் இறால் பண்ணை என்ற பேராபத்து வந்தது. நாகை வட்டாரத்தில் நெல் விளைந்த நிலத்தை வாங்கி உவர்நீர் ஏற்றினார்கள். வயல்வேலை போயிற்று, குடிநீர் உப்பாயிற்று. முதலில் பட்டினியானவர்கள் நிலமில்லாத தலித் கூலிகள். அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவர் கிருஷ்ணம்மாள். நிலமில்லாத தலித் குடும்பத்தில் 1926இல் பிறந்தவர். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு கணவர் ஜெகந்நாதனுடன் கீழத்தஞ்சைக்கு வந்து, நிலமில்லாதவர்களுக்கு, குறிப்பாகப் பெண்கள் பெயரில் நிலம் வாங்கித் தரும் வேலையில் இறங்கியவர். சர்வோதயத்தோடு நமக்குக் கருத்து வேறுபாடு உண்டு. இந்த உழைப்பைப் பற்றி வேறுபாடு இல்லை.

ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் இருந்த இறால் பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. சிலிகா ஏரியையும் பழவேற்காட்டு ஏரியையும் சுற்றி 1000 மீட்டருக்குள் பண்ணை கூடாது என்று தனியாகக் குறிப்பிட்டது. பழவேற்காட்டின் பூநாரைகளுக்கும் பாட்டு மீனவர்களுக்கும் இருளர் பெண்களுக்கும் ஒரே நேரத்தில் அரணாக அமைந்தது அந்தத் தீர்ப்பு. கீழத்தஞ்சைச் சேரிகளில் தொடங்கிய போராட்டம் அதற்கு வழிவகுத்தது. சூழலியல் என்பது வயிறு நிறைந்தவர்களின் கவலை என்று சொல்பவர்களுக்கு நாம் காட்ட வேண்டிய ஆவணம் இது. 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் பண்ணைகளுக்கு மறுபடி வழி திறந்துவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது. நீதிமன்றத்தில் கிடைத்ததைக் கரையில் இருக்கும் மக்கள் அமைப்புதான் காக்க முடியும்.

7. பட்டியலைத் தாமே எழுதியவர்கள்

விலக்கப்பட்டவர்கள் அமைப்பானால் என்ன ஆகும் என்பதற்கும் சான்றுகள் உண்டு.

பாம்புத்தோல் வியாபாரத்துக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்து வந்த இருளர்களின் பிழைப்பு, 1972இன் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தாலும் தோல் ஏற்றுமதித் தடையாலும் நின்றுபோனது. காட்டுயிரைக் காக்க வந்த சட்டம் காட்டை அறிந்தவர்களைக் குற்றவாளி ஆக்கியது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. ரோமுலஸ் விட்டேகர் துணைநின்றார். வடநெம்மேலியில் இயங்கும் இந்தச் சங்கத்தில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சு எடுக்கப்படுகிறது. பிடித்த பாம்பைச் சில வாரம் வைத்திருந்து, நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அடையாளம் உள்ள பாம்பு மறுபடி கிடைத்தால் எடுப்பதில்லை. இந்தியாவில் பாம்புக்கடிக்கு மருந்து ஏற்றிக்கொண்டு பிழைத்தவர்கள், தாம் அறியாமலே, இருளர் அறிவுக்குக் கடன்பட்டவர்கள். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது வந்தது நல்லது. ஆனால் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்ற அனுமதிக்கு இன்றும் அலுவலகத்தின் முன் காத்திருக்க வேண்டிய நிலையில்தான் சங்கம் இருக்கிறது.

மன்னார் வளைகுடாவில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் இன்னொரு சான்று. 1986இல் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா ஆனபோது, விரல்களில் துணி சுற்றி முங்கிப் பாசி பறித்த பெண்கள் ஒரே நாளில் அத்துமீறியவர்கள் ஆனார்கள். அவர்கள் கூடிப் பேசித் தமக்கே விதி வகுத்தார்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது, பவளத்தைக் கீறும் இரும்புக் கருவியைக் கைவிடுவது, விசைப்படகுத் தடைக்காலத்தில் தாங்களும் நிறுத்துவது. அந்தப் பெண்களின் தலைவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. தலைக்கட்டில் இடமில்லாத பெண்கள், ஆண்களின் பஞ்சாயத்து கேட்காத கேள்வியைக் கேட்டு விடையும் கண்டார்கள்.

8. நாம் கேட்பது

சட்டத்தில் பிடிமானம் இருக்கிறது. 2006இன் வன உரிமைச் சட்டத்தைப் பழங்குடிகளுக்கான நிலப்பட்டாச் சட்டம் என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். அதன் 3ஆம் பிரிவு, நீர்நிலைகளின் மீனையும் பிற விளைபொருள்களையும் சமூக உரிமையாகவே சொல்கிறது. காட்டுவளத்தைக் காத்து மேலாளும் உரிமையையும் தருகிறது. பழங்குடிகளுடன், மூன்று தலைமுறையாகக் காட்டைச் சார்ந்து வாழும் பிறரும் அதில் அடங்குவர். தலித்துகளுக்கு அந்த வாசல் திறந்தே இருக்கிறது. பல்லுயிர்ச் சட்டத்தின் 2004 விதிகள், உள்ளாட்சி தோறும் அமையும் மேலாண்மைக் குழுவில் நியமிக்கப்படுவோரில் மூன்றில் ஒரு பங்கு பெண்களும், 18 விழுக்காட்டுக்குக் குறையாமல் பட்டியல் சாதி, பழங்குடியினரும் இருக்க வேண்டும் என்றன. உங்கள் ஊராட்சியில் அந்தக் குழு இருக்கிறதா, அதில் உட்கார்ந்திருப்பது யார் என்று ஊருக்குத் திரும்பியதும் விசாரியுங்கள்.

நம் கோரிக்கைகள் எளியவை. பாடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முறைவைத்து மீன்பிடிக்கும் அந்த அறிவு அழியக் கூடாது. பாட்டின் பட்டியலைத் திறக்க வேண்டும். காயலை நம்பி வாழும் ஒவ்வொரு குடியிருப்புக்கும், அங்குள்ள பெண்களுக்கும், விதி வகுக்கும் கூட்டத்தில் இடம் வேண்டும். கையால் இறால் பிடிப்பவர் மீனவரே என்று அரசு பதிவு செய்ய வேண்டும். தடைக்கால உதவியிலும் இழப்பீட்டிலும் அந்தப் பதிவு செல்ல வேண்டும். மீன்பாசி ஏலத்தில் தலித் பெண்களின் குழுக்களுக்கு ஒரு பங்கைத் தனியே ஒதுக்க வேண்டும். ஏலத்தில் கேட்டவருக்குக் காவல் பாதுகாப்பும் வேண்டும். பறவைக் காப்பிடங்களில் வைக்கும் வரலாற்றுப் பலகையில் நீர்க்கட்டிகளின் பெயரும் ஏற வேண்டும். அரசோ தொண்டு நிறுவனமோ ஒரு சமூகத்துடன் ஒப்பந்தம் போடும் முன், அந்தச் சமூகத்தின் உறுப்பினர் பட்டியலை வாங்கிப் பார்க்க வேண்டும்.

சிவகங்கைச் சீமையில் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிக் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குழந்தைகள்கூட அதை ஏற்று நடக்கிறார்கள். வந்து தங்கும் பறவைக்காக ஒரு பண்டிகையின் சத்தத்தையே விட்டுக்கொடுக்கும் மனம் தமிழ் ஊர்களுக்கு உண்டு. தலைமுறை தலைமுறையாக அதே கரையில் வாழும் மனிதருக்காக ஒரு பட்டியலை மாற்றி எழுதுவது அதைவிடக் கடினமான காரியமாக இருக்கத் தேவையில்லை. அதை எழுத வைக்கும் வேலை நம்முடையது. ஏரிக்கரை தோறும், காயல்கரை தோறும் அந்த வேலையைத் தொடங்குவோம்.

ஜெய்பீம்.